பதிவுத் தகவல் ஃபங்ஷன்களில் நாங்கள் செய்திருக்கும் மாற்றம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் சான்றிதழ் லைப்ரரியின் புதிய பதிப்பைப் போட்டதும் சிலருடைய நிரல் பிழை காட்டும். நேற்றுவரை ஓடியதாயிற்றே என்று தோன்றும். அதனால் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

டிஜிட்டல் சான்றிதழ் கேட்டு அனுப்பும் செய்தியில் (இதன் வடிவத்துக்கு சிஆர்எம்எஃப் என்று பெயர்), கோரிக்கைக்கு வெளியே, பதிவுத் தகவலுக்கென்று ஓர் இடம் உண்டு. பணியாளர் எண், தொடர்பு விவரம் போன்றவை அங்கே போகும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4211 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த ஏற்பாடு இது. இதை எழுதவும் படிக்கவும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 என்ற திறந்தமூலக் குறியாக்க லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன்களைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம்.

சிக்கல் இங்கேதான். தகவலை எழுதும் 'செட்1' ஃபங்ஷனை இரண்டாம் முறை அழைத்தால் பழைய தகவல் மாறாது; அதன் பக்கத்தில் இன்னொன்று சேரும். படிக்கும் 'கெட்0' ஃபங்ஷனோ முதலில் இருப்பதை மட்டுமே தரும். முதல் அழைப்பில் பணியாளர் எண்ணையும் அடுத்ததில் தொலைபேசி எண்ணையும் வைத்தீர்கள் என்றால் இரண்டும் போய்ச் சேரும், ஆனால் வாங்குபவர் 'கெட்0'வை நம்பிப் படித்தால் தொலைபேசி எண் கண்ணில் படாது. பிழைச் செய்தியும் வராது. எங்களை மிகவும் உறுத்தியது இந்த மௌனம்தான். இனி எல்லா விவரங்களையும் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) கோத்து ஒரே முறை எழுதுவோம்.

அந்தச் சரத்தின் வடிவம் 'பெயர்?மதிப்பு%'. ? பெயரையும் மதிப்பையும் பிரிக்கும், % அந்த இணையை முடிக்கும். துறையின் பெயர் '100% சரிபார்ப்பு' என்றிருந்தால், 100க்குப் பிறகு வருவது புதிய பெயராகப் படிக்கப்படும். உள்ளே வரும் % குறியை %25 என்று எழுத வேண்டும். இப்போது லைப்ரரியே மாற்றிவிடும். ஏற்கெனவே நீங்கள் கையால் மாற்றி வந்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இருமுறை மாறிவிடும்.

அப்புறம், பதிவு அலுவலர் (சான்றிதழ் வழங்குபவருக்குப் போகும் முன் கோரிக்கையைச் சரிபார்ப்பவர்) திருத்திய கோரிக்கையையும் இதே இடத்தில் வைக்கலாம். அது ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்பது விதி. ஓப்பன்எஸ்எஸ்எல் தடுப்பதில்லை, நாங்கள் தடுக்கிறோம். இரண்டாவதை வைக்க முயன்றால் பிழை காட்டும்; முதலில் சொன்ன பிழை இதுதான்.

'கெட்0' தரும் பாயிண்டரை (நினைவக முகவரியை) உங்கள் நிரலில் விடுவிக்காதீர்கள், அது செய்திக்குச் சொந்தம். சான்றிதழுக்கான ரகசியச் சாவி உங்களிடம் இருப்பதை நிரூபிக்கும் கையெழுத்து பதிவுத் தகவலைக் காக்காது என்பதையும் மனதில் வையுங்கள். அதைக் காப்பது முழுச் செய்திக்கும் சிஎம்பி (இந்தச் செய்திகளை அனுப்பும் நெறிமுறை) தரும் பாதுகாப்புதான். அதை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்றே போட்டுவிடுங்கள்.

பிழை வந்தால் அந்த வரியை அப்படியே அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
நிரலாக்கக் குழு