மீன் தீவனம்: டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் மீன் தொட்டி வைப்பது பற்றி எழுதுகிறவர்கள் ஃபில்டர், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, தீவனத்துக்கு வந்ததும் ‘தரமான உணவு கொடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தரத்தை எதை வைத்துப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் டப்பாவின் மேலுள்ள படத்தையும் குருணையின் நிறத்தையும் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கம்.

மூலப்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போடுவது வழக்கம். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஆஸ்கர், ஃபைட்டர் போன்ற ஊனுண்ணி மீன்களுக்கு மீன் தூள், இறால் தூள், கிரில் (இறால் போன்ற சின்னக் கடலுயிரி), கணவாய், பூச்சிப்புழுத் தூள் இவற்றில் ஒன்று முதலில் இருக்க வேண்டும். குருணை உதிராமல் நிற்க ஓரளவு மாவு தேவைதான். ஆனால் மாவே முதலிடத்தில் இருந்தால் அது அவற்றுக்கான தீவனம் அல்ல. மாவுச்சத்தை அவற்றின் உடல் சரிவரப் பயன்படுத்தாது. மிஞ்சுவது ஈரலில் கொழுப்பாகப் படியும். ஒரு தந்திரத்தையும் கவனியுங்கள். கோதுமை மாவு, கோதுமை குளூட்டன் (கோதுமையின் புரதம்), கோதுமைத் தவிடு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் அதுதான் முதலிடம்.

புரத சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். செரிக்காத இறகுத் தூளிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். மூலப்பொருள் நல்லதென்று தெரிந்த பிறகே எண்ணுக்கு வர வேண்டும். ஊனுண்ணிகளுக்கு 45 சதவீதம், கப்பி, டெட்ரா போன்றவற்றுக்கு 35 முதல் 40, தாவரம் அதிகம் தின்பவற்றுக்கு 30 முதல் 35 என்பது பொதுவான அளவு. உறைய வைத்த ரத்தப்புழு பாக்கெட்டில் புரதம் 6 சதவீதம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதில் 90 சதவீதம் தண்ணீர். நீரைக் கழித்தால் புரதம் 60 சதவீதம்.

அடுத்தது தேதி. தீவனம் கெடுவது இதைப் பொறுத்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். வைட்டமின் சி அதைவிடப் பலவீனமானது; வெப்பம், ஈரம், காற்று மூன்றுமே அதை அழிக்கும். இச்சத்து தொடர்ந்து குறைந்தால், வளரும் குஞ்சுகளின் முதுகெலும்பு வளையும், காயம் ஆறாது. கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் கட்டித் தொங்கவிடும் தீவனத்தில் மூலப்பொருளும் தெரியாது, தயாரித்த தேதியும் தெரியாது. விலை குறைவு என்பதற்காக அதை வாங்காதீர்கள். டப்பாவானாலும் இரண்டு, மூன்று மாதத்தில் தீரும் அளவே வாங்கி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தொட்டி விளக்கின் மேலேயே டப்பாவை வைப்பது பலரின் பழக்கம்; அந்தச் சூடும் ஈரமும் போதும் தீவனம் கெட. ஈரக் கையை உள்ளே விட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும் என்பதால் பூஞ்சையை மேலாகத் தட்டிவிட்டு மீதியைப் போடவும் கூடாது.

திறந்ததும் முகர்ந்து பாருங்கள். கருவாட்டு வாடை இருக்கலாம். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பிறகு ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் நாலைந்து குருணையைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நல்ல குருணை ஊறி மென்மையாகும், உருக்குலையாது. நீர் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறினால் அது சாயமாக இருக்கலாம். மீன் தன் சிவப்பையும் ஆரஞ்சையும் பெரும்பாலும் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அதற்கான கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள் உணவில் வர வேண்டும். எனவே பட்டியலில் அஸ்டாசாந்தின் (அத்தகைய ஒரு சிவப்பு நிறமி), ஸ்பைருலினா (ஒரு நுண்பாசி), கிரில் இருக்கிறதா என்று பாருங்கள். குருணையின் நிறம் வாங்குபவரின் கண்ணுக்காக.

குருணை மீனின் கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். தொட்டியின் அடியில் மேயும் கோரிடோராஸ், சக்கர் மீனுக்கு மூழ்கும் வகை, கப்பிக்கு மிதக்கும் வகை. ஃபிளேக் எனப்படும் செதில் தீவனத்தின் மெல்லிய பரப்பிலிருந்து வைட்டமின்கள் விரைவில் நீரில் கரைந்துவிடும். உடனே தின்னும் அளவு மட்டும் தூவுங்கள்.

எவ்வளவு நல்ல தீவனமும் மிஞ்சினால் கெடுதல்தான். 40 சதவீதப் புரதமுள்ள 1 கிராம் தீவனத்தில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. 50 லிட்டர் தொட்டியில் அது தின்னப்படாமல் முழுக்க அழுகினால் லிட்டருக்கு 1.28 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாகச் சேரும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் பெருகாத புதுத் தொட்டியில் இது செவுளைப் பாதிக்கும். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8ஐத் தாண்டினால் நஞ்சு இன்னும் கடுமையாகும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை நாளுக்கு இருமுறை போட்டால் போதும்.

தீவனம் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். காலாவதித் தேதியோடு தயாரித்த தேதியையும் தெளிவாக அச்சிடுங்கள். 20, 50 கிராம் டப்பாக்களையும் கடைக்கு அனுப்புங்கள். பிரித்து விற்றே ஆக வேண்டுமென்றால், மூட்டையிலுள்ள மூலப்பொருள் பட்டியலையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு உறையிலும் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்க்கும் வாசகர்