பாக்கெட்டா பை வாங்கிக் கிழிக்கிறதுக்குப் பேரு மறுபயன்பாடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய பேப்பரும் பிளாஸ்டிக் பையும் வச்சுப் பூச்சாடி செய்யுறது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. படம்லாம் ஜோரா இருந்துச்சு. ஆனா தேவையான பொருள்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு பாருங்க, தெர்மாக்கோல் ஷீட் 2, கோல்ட் ஸ்ப்ரே 1, க்ளூ கன், கலர் கேரி பேக் ஒரு பாக்கெட். பாக்கெட்டா? புதுசா பாக்கெட்டு வாங்கி அதைக் கிழிச்சு வேலை செஞ்சா அதுல என்னத்த மிச்சம் பண்ணுனோம்? அதோட அலங்காரத் தெர்மாக்கோலுக்கு 2022 ஜூலை 1ல இருந்து நாடு பூரா தடை இருக்கு. கேரி பேக்குக்கு நம்மூர்ல 2019 ஜனவரி 1ல இருந்து, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல அடுத்த வருசம் அதே தேதியில இருந்து தடை. நீங்க லிஸ்ட் போட்டா பிள்ளைங்க நேரா கடைக்குத்தான் போகும்.

எப்படித் தெரியும்னு கேட்டா, எங்க அண்ணன் மக அஞ்சாங்கிளாஸ் படிக்கா, அவ ஸ்கூல்ல (பேரு வேண்டாம்) ‘வேஸ்ட்ல இருந்து பெஸ்ட்’னு போட்டி வச்சாவ. இவ எங்க அம்மா கூட உக்காந்து பேப்பர் கூழ்க் கிண்ணம் செஞ்சா. செங்கோட்டையில எங்க வீட்டுல ஆச்சி காலத்துல இருந்து உள்ள வேலைதான் அது, பேப்பரைக் கிழிச்சு மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு, ஒரு கை வெந்தயத்தையும் ஊறப்போட்டு ரெண்டையும் ஆட்டுரல்ல வழவழன்னு ஆட்டி, கவுத்துப்போட்ட செம்புமேல எண்ணெய் தடவி அப்பி, முத்தத்துல நாலஞ்சு நாள் வெயில்ல காய வச்சு எடுத்தா தட்டுனா டங்குன்னு கேக்கும். வெந்தயம்தான் பசை, வேற எதுவும் வாங்க வேண்டாம். உள்பக்கம் மட்டும் மைதாப் பசை தொட்டுப் பேப்பர்த் துண்டு ஒட்டுவோம். இங்க காயலாங்கடை, புளியரை தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிட்டா அதுக்குப் பேரு ஆக்ரிக்கடை, ரெண்டுலயும் பழைய பேப்பரை எடைக்கு வாங்குறதால பாதி தமிழு பாதி மலையாளம், கிண்ணத்துக்குள்ள எட்டிப் பாத்தா ரெண்டு எழுத்தும் குறுக்கும் நெடுக்குமா கெடக்கும், அதுதான் எனக்குப் பிடிச்சதே.

ப்ரைஸு யாருக்குன்னு நினைக்கீங்க, புது தெர்மாக்கோல்ல கட்டுன தாஜ்மகாலுக்கு. மேல ஒரு சுத்து பேப்பர் ஒட்டியிருந்துச்சு, அதுதான் வேஸ்ட்டாம். ஜட்ஜு அம்மா எங்க கிண்ணத்தை மோந்து பாத்துட்டு வெந்தய வாசம் வருதேன்னு கீழ வச்சுட்டாங்க. புள்ள வீட்டுக்கு வந்து “அத்தை, அடுத்த வருசம் நாமளும் தெர்மாக்கோல் வாங்குவோமா”ன்னு கேக்கா. என்னத்தச் சொல்ல.

பை விசயத்துக்கு வாரேன். என் தங்கச்சியைக் கேரளாவுல புனலூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. அங்க நகராட்சிக்காகக் குப்பை எடுக்குற ஹரித கர்ம சேனைப் பொம்பளைங்க மாசாமாசம் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் எடுத்துட்டுப் போவாங்க, கழுவிக் காய வச்சுத்தான் குடுக்கணும், அதனால அவ வீட்டுக் கொடியில சேலைக்குப் பக்கத்துல பால் கவரும் பையும் கிளிப்பு மாட்டித் தொங்கும். நான் போறப்பல்லாம் அதுல பாதியை உருவிட்டு வந்துருவேன். கைப்பிடியையும் அடியையும் வெட்டிட்டு மிச்சத்தை மடிச்சு ஒரு இஞ்சுக்கு ஒண்ணா நறுக்குனா வளையம் வளையமா வரும், ரப்பர் பேண்டைக் கோக்குற மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி இழுத்தா நூலு, அதைக் குரோஷே ஊசியில பின்னுறேன். வாசல்ல போடுற சின்ன மிதியடிக்கு எனக்கு நாப்பது பை புடிச்சுச்சு. மொடமொடன்னு சத்தம் போடுற பை இழுத்தா பிஞ்சிரும், மெதுவா வழுக்குற பைதான் சரி, ஜவுளிக்கடைக் கெட்டிப் பை ஊசிக்கு வளையாது. துணி மாதிரியே இருக்குற அந்தப் பை துணியே இல்ல, அதுவும் பிளாஸ்டிக்தான், வெட்டுனா நாரு நாராப் போகும்.

இதுல எதுவுமே உங்க பக்கத்துல இல்ல. பைகளை அடுக்கி இஸ்திரி போட்டு ஒட்டவும்னு ஒத்த வரி. மேலயும் கீழயும் பட்டர் பேப்பர் வைக்காட்டி பெட்டியில அப்பிக்கும், நியூஸ் பேப்பர் வச்சா மை ஒட்டும், ஜன்னலைத் தொறந்து போட்டு, சூட்டைக் கம்மியா வச்சு, பெரியவங்கதான் செய்யணும். பிள்ளைங்க படிக்கிற பக்கத்துல இதைப் போடலாமா கூடாதா?

அடுத்த தடவை லிஸ்ட்டு போடுறப்ப எதெல்லாம் வீட்டுல கெடந்தது, எதெல்லாம் காசு குடுத்து வாங்குனதுன்னு ரெண்டாப் பிரிச்சுப் போடுங்க, அது போதும் எனக்கு. அப்புறம் ஒண்ணு, உங்க பேப்பரு ஒரே ராத்திரியில பஞ்சா ஊறிருது, அந்த வழவழ இணைப்பு மட்டும் அஞ்சு நாளா வாளியில கெடக்கு, அந்தப் பூச்சாடி படம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க வாசகி,
செங்கோட்டை