ஒத்து இல்லாத தோடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. மாப்பிள்ளையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

நம் நாகஸ்வரப் பதிவுகளில் நீ இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பிய 41ஆம் கேசட்டை நேற்று இரவு முழுவதும் கேட்டேன். வேலை முடிந்து வந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இதற்காக உட்கார்ந்திருக்கிறாய். அந்த அக்கறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கோப்பை நாம் வைத்துக்கொள்ள முடியாது அம்மா. இரைச்சலோடு, நாகஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்துக் குழலின் ஒலியும் போய்விட்டது.

அந்தக் கேசட்டின் தொடக்கத்தை நினைத்துப் பார். நாகஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு நிற்கிறார். அவர் முதல் பிடியைப் பிடிப்பதற்கு முன் நாற்பது நொடிகளுக்கு ஒத்து மட்டும் ஒலிக்கிறது. நீ அந்த நாற்பது நொடிகளைத்தான் மென்பொருளுக்கு இரைச்சலின் மாதிரியாகக் காட்டியிருக்க வேண்டும். மாதிரியில் என்ன ஒலி இருக்கிறதோ அதைத்தான் அது கடைசிவரை தேடித் தேடிக் குறைக்கும். நாடாவின் ‘உஸ்’ என்ற ஓசையும் ஒத்தின் சுருதியும் அதற்கு ஒன்றுதான். இரண்டும் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே நிலையில் நிற்பவை. அப்படி நிற்பதுதான் ஒத்துக்காரரின் வித்தையே. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்து, இரவெல்லாம் அறுபடாமல் ஊதியவர் அவர். அவரை எடுத்துவிட்ட பிறகு தோடி ராகம் அந்தரத்தில் தொங்குகிறது. அதன் காந்தார ஸ்வரம் எதன் மேல் அசைகிறது என்றே தெரியவில்லை.

ஆகவே, வன்தட்டைக் கொடுத்தனுப்புவதற்கு முன்பு இந்தச் சேகரத்தை எப்படி அடுக்கியிருக்கிறேன், ஏன் அப்படி அடுக்கினேன் என்று விரிவாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. உன் மாமா பையன் 14ஆம் தேதி கிளம்புகிறான். அவனிடம் தருகிறேன்.

மொத்தம் 212 கேசட்டுகள். 1979இலிருந்து 1997 வரை. முப்பது சொச்சம் வானொலியிலிருந்து பதிவு செய்தவை. மற்றதெல்லாம் நம் கோயில் புறப்பாட்டில், சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டே எடுத்தவை. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, தவிலுக்கு நான்கடி தள்ளி நடப்பேன். அதற்கும் பக்கத்தில் போனால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடி விழும்போதெல்லாம் ஒலி உடைந்துவிடும். ஒவ்வொரு வித்வானிடமும் முன்னாலேயே கேட்டுக்கொள்வேன். ஒரே ஒருவர் வேண்டாம் என்றார். அன்றைக்குப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன்.

ஏன் இதைச் செய்தேன் என்பதற்கு உன் தாத்தாதான் காரணம். அவர் சிறுவயதில் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேரடியில் நின்று விடிய விடியக் கேட்டவர். பிள்ளை 1956இல் காலமாகிவிட்டார். அவருடைய இசைத்தட்டுகள் எங்கள் வீட்டில் இருந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். தட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டிருக்கும். தாத்தா எழுந்து எடுக்கமாட்டார், மீதி வரும் என்று காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். கேசட் வந்ததும் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் கிடைத்தது. தாத்தாவுக்குக் கிடைக்காத அந்த மீதியை என்னால் பிடித்துவைக்க முடியும் என்று நினைத்தேன். பெருமளவு முடிந்தது.

இனி பெயரிடும் விஷயம். கணினி ஒவ்வொரு கோப்புக்கும் தலைப்பு, கலைஞர், ஆல்பம், வரிசை எண் என்று கேட்கிறது. சினிமாப் பாட்டுக்கு அது சரி. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்கு என்ன தலைப்பு வைப்பது? அதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பார்கள்; தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று. அதற்குப் பின் ஒரு மணி நேரம் ராக ஆலாபனை. அதற்கும் முதல் வரி என்று ஒன்று இல்லை.

வெகுநாள் யோசித்த பிறகு என் பழைய கேசட் அட்டைகளே வழி காட்டின. அவற்றில் நான் ராகத்தை எழுதியதைவிட வீதியைத்தான் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். ‘கீழவீதி, தேரடி முக்கு, காம்போதி.’ ‘மேலவீதி, பள்ளிக்கூட வாசல், தவில் தனி.’ ஆகவே ஒரு நாள் புறப்பாடு ஓர் ஆல்பம். அதற்குள் தலைப்பு என்பது வீதி. சுவாமி வலமாகத்தான் வருவார்: கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி, மறுபடி சன்னிதி. வீதி தெரிந்தால் கேசட்டின் வரிசை தானாக வந்துவிடும். வாசித்ததும் அதை ஒட்டித்தான் இருக்கும். நம் கோயிலில் கோபுர வாசல்வரை மல்லாரி, பெரிய ராகமெல்லாம் கீழவீதியிலும் தெற்கிலும், வடக்கு வீதி திரும்பினால் தேவாரமும் திருப்புகழும். அட்டையில் எதுவும் எழுதாத பதினொரு கேசட்டுகளில் எட்டுக்கு இப்படித்தான் இடம் கண்டுபிடித்தேன். ஒன்றில் ரயில் கூவுகிறது. மேலவீதிக்குத்தான் அது அவ்வளவு கிட்டத்தில் கேட்கும்.

தேதிதான் நிரம்ப வேலை வாங்கியது. அட்டையில் ‘வைகாசி, 7ஆம் திருநாள்’ என்று மட்டும் இருக்கும். வைகாசி விசாகத்தன்று தீர்த்தவாரி, அது பத்தாம் நாள். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் விசாகம் என்றைக்கு என்று பார்த்து, பின்னோக்கி எண்ணினால் ஆங்கிலத் தேதி கிடைத்துவிடும். பழைய பஞ்சாங்கங்களைப் பரணிலிருந்து அம்மாதான் தேடி எடுத்துக்கொடுத்தாள். இரவு பத்துக்குக் கிளம்பிய புறப்பாடு விடியற்காலை நான்குக்கு நிலை திரும்பினால், நள்ளிரவில் தேதியை மாற்றாதே. கிளம்பிய நாளே முழு இரவுக்கும் தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணால் கோப்பின் பெயரைத் தொடங்கியிருக்கிறேன். அப்போதுதான் கணினி அவற்றைக் காலவரிசையில் அடுக்கும்.

எம்பி3 ஆக மாற்றி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். காரில் கேட்கத் தனிப் பிரதி எடுத்துக்கொள். மூலம் மட்டும் ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்திலேயே இருக்கட்டும். எம்பி3இல் ஒருமுறை போனது திரும்ப வராது. ஃபிளாக்கில் ஒரு துளியும் குறைவதில்லை, இடமும் ஏறக்குறையப் பாதிதான் பிடிக்கும். 90 நிமிடக் கேசட் சுருக்காமல் 24 பிட் தரத்தில் ஒன்றரை ஜிபி ஆகிறது என்பதால் அது பெரிய உதவி. இன்னொரு காரணமும் உண்டு. எம்பி3இன் பழைய குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 பைட்டுதான் இடம். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட்டு போய்விடும். கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் கணக்கு. ‘கீழவீதி’ என்று எழுதினாலே 21 பைட்டு. ஃபிளாக்கில் அந்த எல்லை இல்லை. நமக்கு வேண்டிய புலங்களை, அதாவது விவரம் எழுதும் கட்டங்களை, நாமே வைத்துக்கொள்ளலாம், ஒரே புலத்தைப் பலமுறையும் போடலாம். புலத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே தமிழ் தாராளமாக எழுதலாம்.

பலமுறை போடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாகஸ்வரம் வாசித்தவர் பெயரை மட்டும் எழுதுவது அநியாயம். தவில் இரண்டு பேர், தாளம் போட்டவர், ஒத்து ஊதியவர், எல்லோரும் ‘கலைஞர்’ என்ற அதே புலத்தில் வரிசையாக வரட்டும். ஒத்துக்காரர் பெயர் தெரியாத இடங்களில் ‘ஒத்து: பெயர் தெரியவில்லை’ என்றே எழுதியிருக்கிறேன். அந்த வரியை யாரும் நீக்க வேண்டாம்.

ராகத்தின் பெயரில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நீ முதலில் போட்ட பட்டியலில் ஆங்கில எழுத்துக்கூட்டு மாறி மாறி வந்ததால் தோடி மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தது, அனுமத்தோடி என்று நான்காவதாக ஒன்று. எல்லாம் எட்டாவது மேளம் என்ற ஒரே தாய் ராகம்தான். தமிழில் எழுதினாலும் காம்போதி, காம்போஜி என்று இரண்டு வரும். ஒன்றை நிச்சயித்து அதையே எங்கும் வை. என் அட்டையில் இருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே ‘அட்டை’ என்ற புலத்தில் ஏற்றிவிடு. அட்டையை ஒருபோதும் திருத்தக்கூடாது. நான் 1983இல் தர்பார் என்று எழுதியது நாயகியாக இருக்கலாம். இரண்டும் 22ஆவது மேளத்துப் பிள்ளைகள், ஓடும் கூட்டத்தில் காது ஏமாறும். கேட்டுப் பார்த்து அப்படித்தான் என்றால், ராகம் என்ற புலத்தில் நாயகி என்று திருத்து. ஆனால் அன்று நான் என்ன கேட்டதாக நினைத்தேன் என்பதும் அங்கே இருக்கட்டும்.

அதனால்தான் ‘ஆதாரம்’ என்று ஒரு புலத்தைச் சேர்த்தேன். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒவ்வொரு விவரத்தையும் யார் சொன்னார்கள்? அட்டை சொன்னதா, என் காது சொன்னதா, பஞ்சாங்கக் கணக்கா, வித்வானின் மகன் கேட்டுவிட்டுச் சொன்னதா? தானாகப் பெயர் போடும் மென்பொருள் ஒன்றை நீ ஓட்டியபோது, தேரடியில் எடுத்த ஒரு சண்முகப்பிரியா ராகத்துக்கு யாரோ வெளியிட்ட ஒரு ஆல்பத்தின் பெயரும் அட்டைப் படமும் வந்து உட்கார்ந்தன. பார்ப்பதற்கு அழகாக, சந்தேகமே எழாதபடி இருந்தது. நாளைக்குப் பேரன் அதைப் பார்த்தால் கடையில் வாங்கியது என்று நினைப்பான். தெரியாததை வெறுமையாக விட்டால் யாராவது ஒரு நாள் நிரப்புவார்கள். தவறாக நிரப்பிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நாடாவின் கோளாறுகளைப் பற்றியும் தெரிந்துகொள். பாட்டரி தளர்ந்த நேரத்தில் நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும்; இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி மெல்ல மெல்ல ஏறும். 58ஆம் கேசட்டில் இரண்டு கட்டைச் சுருதியில் தொடங்கும் பாரி என்ற நீள நாகஸ்வரம் முடிவில் இரண்டரையைத் தாண்டிவிடுகிறது. அதைப் பிரதியில் மட்டும் சரிசெய், எவ்வளவு மாற்றினாய் என்று எழுதிவை. இன்னொன்று: அமைதிக்குப் பின் தவில் முழங்கும் இடங்களில், இரண்டு மூன்று நொடிக்கு முன்பே அதே அடி வெகு மெலிதாகக் கேட்கும். பேய் பிசாசு இல்லை. சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதுதான். வெட்டாதே. வானொலிப் பதிவுகளில் அறிவிப்பாளர் பேசுவதையும் வெட்டாதே. நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவின் கச்சேரியில் தவில் யார் யார் என்பதற்கு அந்தக் குரலைத் தவிர நம்மிடம் வேறு ஆதாரம் இல்லை.

ஓட்டும்போது பெரும்பாலும் ஒலி மங்கியது, நாடாவைப் படிக்கும் ஒலித்தலையின் சாய்வு சரியில்லாததால்தான். சின்னத் திருப்புளியால் அதன் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும், அதுவரை போர்வைக்குள் இருந்த தாளத்தின் ‘ணங்’ என்ற ஓசை வெளியே வந்தது. ஒவ்வொரு கேசட்டுக்கும் அப்படி வைத்துத்தான் எடுத்திருக்கிறேன். அதனால் மறுபடி எடுக்க வேண்டிய தேவை வராது.

இவற்றை இணையத்தில் பொதுவாக ஏற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். இப்போது வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கான உரிமை 1994இல் சேர்ந்தது. இன்று அதன் காலம் 50 ஆண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கேட்டுக்கொள்ளத்தான் அவர்கள் எனக்கு அனுமதி தந்தார்கள். அவரவர் குடும்பத்துக்கு அவரவர் பதிவின் பிரதியைக் கொடுத்து வருகிறேன். நான்கு வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு வீட்டில் பேத்தி தவில் கற்றுக்கொள்கிறாள். தாத்தாவின் தனியை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

இப்போது உன்னால் மட்டும் ஆகக்கூடிய ஒரு வேலை. 137ஆம் கேசட். அட்டை இல்லை, திருநாள் தெரியவில்லை. சண்முகப்பிரியா, தெற்கு வீதி, அதுவரை நிச்சயம். பின்னால் வண்டியில் வரும் ஜெனரேட்டரின் இரைச்சல் இருப்பதால் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் தூக்கிவந்த காலத்துக்குப் பிந்தியது. 27ஆம் நிமிடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. கூட்டம் ‘ஓ’ என்கிறது, பிறகு அடங்குகிறது. அந்த இருட்டிலும் ராகம் நிற்கவில்லை. ஆறேழு நிமிடம், வேறெந்த ஓசையும் இல்லாமல், ஒத்தும் நாகஸ்வரமும் மட்டும். நீ அன்று என்னோடு வந்திருந்தாய். இருட்டியதும் துணிப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாய். நாடாவில் பை அசையும் சத்தம் கேட்கிறது. எந்த வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய் என்று நினைவிருந்தால் ஆண்டு கிடைத்துவிடும். ‘ஆதாரம்’ புலத்தில் ‘மகள்’ என்று எழுதிவிட்டுத் தேதியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா