கிரிம்ஸ்பவுண்ட் கோயில் அல்ல, குடியிருப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பயணக் கட்டுரை, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் மேட்டுநிலத்திலுள்ள கிரிம்ஸ்பவுண்டை, பண்டைய கெல்டிக் மக்களின் பூசாரிகளான ட்ரூயிடுகளின் வழிபாட்டிடம் என்று சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சிலர் அப்படி நம்பியது உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கை எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில், தாழ்ந்த கருங்கல் மதிலுக்குள் 24 வட்டக் குடில்களின் அடித்தளங்கள் அங்கே உள்ளன. 1894இல் சபைன் பேரிங்-கூல்டு, ராபர்ட் பர்னார்ட் உள்ளிட்ட தொல்லியல் ஆர்வலர்கள் அகழ்ந்தபோது, சில குடில்களில் அடுப்புகளும் கரியும் சுவரோரமாகத் திண்ணைபோல் உயர்த்திய கல்மேடையும் வெளிப்பட்டன. ஒரு குடிலின் வாசலில், காற்று நேரே உள்ளே புகாதபடி வளைத்துக் கட்டிய தடுப்புச் சுவரை இன்றும் காணலாம். குளிருக்கு ஒதுங்கிச் சமைத்துப் படுத்துறங்கியவர்களின் வீடு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? டார்ட்மூரின் அமில மண்ணில் எலும்புகள் கரைந்துவிடுவதால் அவர்கள் வளர்த்த கால்நடைகளைப் பற்றி அறிய வழி குறைவே. எனினும் வெண்கலக் காலத்தில், சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன், இன்றைவிட இதமான தட்பவெப்பத்தில் மக்கள் இங்கே குடியிருந்தார்கள் என்பதும், பின்னர் குளிரும் மழையும் கூடியதால் மேட்டுநிலத்தைவிட்டு இறங்கினார்கள் என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. ட்ரூயிடுகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ, இக்குடில்கள் கட்டப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகே கிடைக்கின்றன.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கம்பீரமாகத் தெரியும் குடிற்சுவர், 1894இல் அகழ்ந்தவர்களே சரிந்த கற்களை எடுத்து நிறுத்திச் சீரமைத்தது. அவர்கள் கை வைத்தது சரிதானா என்று அன்றே கேள்வி எழுந்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. படக்குறிப்பில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட வருத்தம் தருவது, அங்குள்ள கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமெடுத்துக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் வாசகர்களுக்குச் சொல்லும் யோசனை. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அந்தத் தொல்லியல் இடத்தில் ஒரு கல் இடம் மாறினாலும், எது கட்டியவர் வைத்தது, எது வந்துபோனவர் வைத்தது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். அந்த யோசனையைத் திரும்பப் பெற்று, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எக்ஸெட்டர், இங்கிலாந்து