பிள்ளை சிறுநீர் கழிப்பதும் படத்தில் பதிவாக வேண்டும்

மத்திய, ஊவா மாகாணச் சுகாதார சேவைப் பணிப்பாளர்களுக்கும் மலையக வைத்தியசாலைகளின் கதிர்ப்படப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்துக்குத் திரும்புகிறதா (பின்னோட்டம்) என்று பார்க்கும் எம்.சி.யூ.ஜி. பரிசோதனை பற்றி எழுதுகிறோம். குழாய் வழியே பைக்குள் கதிர்ப்படத்தில் தெரியும் மருந்தை ஏற்றி, நிறையும்போதும் பிள்ளை கழிக்கும்போதும் படம் எடுப்பதுதான் இது. காய்ச்சலோடு சிறுநீர்த்தொற்று மறுபடி மறுபடி வரும் பிள்ளைகளும், ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கித் தெரியும் பிள்ளைகளும் இதற்கு அனுப்பப்படுகிறார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தால் பின்னோட்டம் இல்லை என்று தாய்மாரிடம் சொல்லிவிடக் கூடாது. சாதாரண ஸ்கேனில் தெரிவது சிறுநீரகத்தின் உருவம். பின்னோட்டம் அதில் தப்பிவிடலாம்.

பல பிள்ளைகளுக்குப் பின்னோட்டம் கழிக்கும்போதுதான் வருகிறது. பை நிறைவதை மட்டும் படம்பிடித்து, அழுகிற பிள்ளையை மேசையிலிருந்து இறக்கிவிட்டால் அது பாதிப் பரிசோதனை. ஆண் குழந்தைக்கு இன்னும் ஆபத்து. சிறுநீர்வழியின் பின்பகுதியை அடைக்கும் வால்வு, கழிக்கும்போது சரித்துப் படுக்கவைத்து எடுக்கும் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். அது தவறினால் மறுபடி குழாய், மறுபடி கதிர்வீச்சு. கொழுந்தெடுக்கும் தாய்க்கு இன்னொரு நாள் பேரும் (நாட்கூலியும்) போச்சு.

எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. 2 வயதுக்கு மேல், வயதோடு 2 கூட்டி 30 ஆல் பெருக்குங்கள்: 3 வயதுப் பிள்ளைக்கு 150 மில்லிலீற்றர். கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிலீற்றர். குழாயை எடுக்காமல் இரண்டு மூன்று தடவை நிரப்பிக் கழிக்கவிட்டால் ஒரு தடவையில் மறைந்தது அடுத்ததில் தெரியும். நுவரெலியாக் குளிரில் அலுமாரியில் கிடந்த மருந்தை அப்படியே ஏற்றினால் பை சுருங்கி, நிறையும் முன்பே கழித்துவிடும். உடல் வெப்பத்துக்குச் சூடாக்குங்கள். போத்தலை மேசைக்கு மேல் ஒரு மீற்றரைத் தாண்டி உயர்த்தாதீர்கள், கையால் அழுத்தி ஏற்றவும் வேண்டாம். 5 முதல் 8 பிரெஞ்ச் (குழாயின் தடிப்பைக் குறிக்கும் அலகு) அளவுப் பாலூட்டும் குழாயே போதும். பலூன் வைத்த குழாய் வேண்டவே வேண்டாம்: ஊதிய பலூன் பைக்குள் கட்டிபோலத் தெரியும், வழியையும் அடைக்கும்.

கழிக்க மறுக்கும் பிள்ளைக்குப் பொறுமைதான் மருந்து. வெளிச்சத்தைக் குறைத்து, இளஞ்சூட்டு நீரைக் காலில் ஊற்றிப் பாருங்கள். தாய் கர்ப்பிணி இல்லையென்றால் ஈய அங்கி போட்டுப் பக்கத்தில் நிற்கட்டும், தமிழில் பேசட்டும். நுண்குமிழிக் கரைசல் ஏற்றி, கதிர்வீச்சே இல்லாமல் அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முறையும் இன்று உண்டு. அது வரும்வரை கையிலுள்ள இயந்திரத்தில் இவ்வளவும் செய்யலாம்.

திகதி கொடுக்கும்போதே தமிழில் ஒரு துண்டு கொடுங்கள். தொற்று இருக்கும்போது வரக்கூடாது, வெறும் வயிற்றில் கொண்டுவரத் தேவையில்லை, வைத்தியர் தந்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தவறாமல் கொடுக்க வேண்டும், வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

அறிக்கையில் ‘சாதாரணம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. பின்னோட்டம் இடமா வலமா, அதன் கடுமையைக் காட்டும் 1 முதல் 5 வரையான தரத்தில் எது, எத்தனை மில்லிலீற்றர் ஏற்றினீர்கள், நிறையும்போதா கழிக்கும்போதா என்று எழுதுங்கள். பிள்ளை கழிக்கவே இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் சிறுவர் கதிர்ப்படப் பணியில் இருப்போர்