தார்சூலாவும் காளி நதி எல்லையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய-நேபாள எல்லை பற்றிய செய்திகளில், உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில் உள்ள தார்சூலா, 'எல்லைத் தகராறில் சிக்கிய ஊர்' என்று குறிப்பிடப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஆதி கைலாசம் என்ற புனித மலைக்குச் செல்வதற்கான இன்னர் லைன் பெர்மிட்டுக்காக (எல்லையோரப் பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு) அவ்வூரில் இரண்டு நாள் காத்திருந்தவன் என்ற முறையில், அந்தக் குறிப்பு வாசகர்களுக்குத் தவறான எண்ணத்தைத் தருகிறது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தார்சூலாவில் காளி நதிதான் எல்லை என்பதை இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நேபாளமும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்டு 1816இல் உறுதிப்படுத்திய சுகௌலி உடன்படிக்கை, காளிக்கு மேற்கே உள்ள நிலத்தின் மீதான உரிமையை நேபாளம் விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறதே தவிர, அந்தக் காளி மலைமேல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. லிம்பியாதுராவிலிருந்து இறங்கும் நீரோட்டமே காளியின் மூலம் என்பது நேபாளத்தின் வாதம். அதற்குக் கிழக்கே காலாபானி அருகேயுள்ள ஊற்றுகளே மூலம் என்பது இந்தியாவின் வாதம். (காலாபானி என்றதும் நம்மவர்க்கு அந்தமான் சிறைதான் நினைவுக்கு வரும், இது வேறு.) நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், இங்கே வழக்கே நதிமூலத்தில்தான் இருக்கிறது. 2020 மே மாதம் திபெத் எல்லையில் உள்ள லிபுலேக் கணவாய்க்கான சாலையை இந்தியா திறந்துவைத்ததும், அதே மாதத்தில் நேபாளம் அப்பகுதிகளைத் தன்னுடையதாகக் காட்டி வரைபடம் வெளியிட்டதும் மூலம் எது என்பதைப் பொறுத்து உரிமை மாறும் இந்த மேல்மலை நிலத்தைப் பற்றியவை. தார்சூலாவிலிருந்து ஜீப்பில் பல மணி நேரம் ஏறினால்தான் அந்த இடங்கள் வரும்.

ஊரில் நான் கண்டது வேறு. எதிர்க்கரையில் நேபாளத்தின் ஊருக்கும் ஏறக்குறைய அதே பெயர், தார்ச்சுலா. இரண்டையும் இணைப்பது நடந்து மட்டுமே கடக்கக்கூடிய ஒரு தொங்குபாலம். இந்தப் பக்கம் நம் எல்லைக் காவல் படையான சஷஸ்திர சீமா பல் வீரர்கள், அந்தப் பக்கம் நேபாளக் காவலர்கள். அடையாள அட்டையைக் காட்டினால் போதும், விசா தேவையில்லை. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி போனார். அவர் அடி வைக்கும்போதெல்லாம் பாலம் லேசாக ஆடியது, கீழே சாம்பல் நிறத் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. மறுகரையை அடைந்தபோது என் கைப்பேசியின் கடிகாரம் கால் மணி நேரம் முன்னே போயிருந்தது. கடைக்காரர் நம் நூறு ரூபாயை 160 நேபாள ரூபாயாகக் கணக்கிட்டு, தயக்கமின்றி வாங்கிக்கொண்டார். இரு கரையிலும் வாழும் ரங் மக்களிடையே கொள்வினை கொடுப்பினை தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஆகவே, 2020இல் பெருந்தொற்றால் பாலம் மூடப்பட்டபோது உறவினர்கள் ஆற்றின் இரு கரையிலுமாகப் பிரிந்து நின்றார்கள். இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நேபாளிகள் ஓய்வூதியம் வாங்க வருவதற்காகப் பாலத்தைச் சில நாள் மட்டும் திறக்க வேண்டியிருந்தது.

ஊருக்குள் சச்சரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2013 ஜூன் வெள்ளம் இரு கரைகளையும் அரித்துச் சென்றது. அதன் பிறகு கரையோரச் சுவர்தான் இங்கே பெரிய பேச்சு. ஒரு கரையில் சுவர் எழுந்தால் வெள்ளம் மறுகரையைத் தாக்கும் என்ற அச்சம் இயல்பானது. 2022 டிசம்பரில் இந்தியக் கரையில் சுவர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மீது எதிர்க்கரையிலிருந்து கல் வீசப்பட்டதற்கும் இந்த அச்சமே காரணம். வரைபடத் தகராறு நாளையே தீர்ந்தாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு.

எனவே, அடுத்த முறை இச்செய்தியை வெளியிடும்போது, லிம்பியாதுரா, காலாபானி, லிபுலேக் ஆகிய மூன்றையும், அவற்றுக்கு வெகு கீழே உள்ள தார்சூலாவையும் தனித்தனியே காட்டும் சிறு வரைபடம் ஒன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்