அடுத்த வாரம், வேலை முடிந்தால்

அன்புள்ள கண்ணு,

இங்கே நாங்கள் நலம். போன வாரம் நீ வாட்ஸ்அப்பில், "அடுத்த வாரம் வேலை முடிந்தால் வருகிறேன்" என்று அனுப்பியிருந்தாய். அடுத்த வாரமே வருகிறாய் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இமாம் பசந்து மாங்காய் நாலு கிலோ வாங்கி, நீ வரும்போது பழுத்திருக்கட்டும் என்று வைக்கோலில் அடுக்கி வைத்தாள். அடுத்த வாரம் முடிவது வேலைதான், வருவது அதற்குப் பிறகு என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோதுதான் தெரிந்தது. பழத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை சாமி. "அடுத்த வாரம் வேலை முடிந்தால், வருகிறேன்" என்று எழுதியிருந்தால் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். "அடுத்த வாரம், வேலை முடிந்தால் வருகிறேன்" என்பது வேறு சேதி.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் நான் எழுத்துக் கோத்த காலத்தில் ஒரு கோவில் நோட்டீஸ் வந்தது. "மாலை 6 மணிக்குப் பூஜை, முடிந்ததும் அன்னதானம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காற்புள்ளி அச்சு மெலிசு. இடது கையில் அச்செழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு அவசரமாக அடுக்கியதில் அதை விட்டுவிட்டேன். 6 மணிக்கே சாப்பாடு என்று ஜனங்கள் வந்துவிட்டார்கள். பூஜை முடிய எட்டு ஆயிற்று. ஒரு பாட்டி மடியில் குழந்தை தட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தது. அந்தத் தட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓலைச்சுவடியில் இந்தக் குறியெல்லாம் கிடையாது. செய்யுளுக்கு ஓசையே போதும். உரைநடை அச்சேறிய பிறகு அது போதவில்லை. தமிழறிஞர் ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள்தான் குறிகளைப் போட்டு நம்மைப் பழக்கினார்கள்.

எல்லா இடத்திலும் போடு என்று சொல்லவில்லை. "நேற்று வந்தேன்" என்பதற்கு எதற்குக் குறி? தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். முன்னால் நிற்கிற நாளும் நேரமும் நடுவில் உள்ள வினையோடும் ஒட்டும், கடைசி வினையோடும் ஒட்டும். அப்படி இரண்டு பக்கமும் ஒட்டுகிற இடத்தில் கட்டாயம் போடு. ஒற்றெழுத்தையும் கவனி. "மணிக்குப் பூஜை" என்று சேர்த்து எழுதினால் 'ப்' வரும். "மணிக்கு, பூஜை முடிந்ததும்" என்று நிறுத்தினால் அந்த 'ப்' வராது. ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதும்போதும் இஃப், வென், ஆஃப்டர் என்று தொடங்கினால், அந்தப் பகுதி முடிகிற இடத்தில் ஒரு கமா வை. அதே பகுதி வாக்கியத்தின் பின்னால் போனால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

சரி, வேலை முடிந்ததும் தேதியைப் போட்டே எழுது. ஆடி பிறந்தால் நல்ல பழம் குறைந்துவிடும். அம்மா இன்னும் இரண்டு கிலோ காய் சொல்லி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
சேலம்